மூன்றாம் ஓலை வாசிக்கப்படாதது பற்றி

2025 நவம்பர் 8, சனிக்கிழமை, மாலை 5.40 மணி. கோப்புகள் 1,146. சபை அலுவலகக் கணினியில் அப்டேட் போட்டது நான்தான். பெயர் சஜு, வயது 27, தகப்பனார் ஞானதாஸ், ஊர் தனுவச்சபுரம். பெருங்கடவிளை அருகே உள்ள எங்கள் சபையின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன்.

அக்கோப்புகள் சபையார் போதகருக்கு எழுதிய சிகிச்சை உதவி மனுக்களும் குடும்பத் தகராறு மனுக்களும் ஆகும். யாருடையவை என்று கேட்டால் சொல்லமாட்டேன். அவற்றைப் பூட்டிவைக்கும் குறியாக்க மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, பலமுறை முயன்றால் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கலாம் என்று 5ஆம் தேதி அதைத் தயாரித்தவர்களே அறிவித்து, அப்டேட்டும் வெளியிட்டார்கள். அன்றே செயலர் வேதமாணிக்கத்திடம் சொன்னேன். "சுமிக்க மூணாம் ஓலையும் வாசிச்சுத் தீரட்டு மக்கா. அதுவரைக்கும் கம்ப்யூட்டரத் தொடப்படாது" என்றார். ஓலை என்னும் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசித்து முடிக்கும்வரை எதையும் மாற்றாதது எங்கள் சபை வழக்கம். ஓட்டைக்கு அந்த வழக்கம் தெரியாது.

சனிக்கிழமை மாலை, அலுவலக வைஃபையில் இணைந்த அறியாத போன் ஒன்று அக்கோப்புகளைத் திறக்க 37 முறை முயன்றதைக் கண்டேன். அதன்பின் யாரிடமும் கேட்காமல் அப்டேட் போட்டேன். கோப்புகள் தப்பின. ஆனால் பழைய கல்யாணப் பதிவேட்டு புரோகிராம் அதன்பின் திறக்கவில்லை. ஓலையை முதலில் அச்செடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அது என் பிழை.

பதிவேட்டிலிருந்து அச்செடுத்து, செயலர் ஒப்பமிட்ட தாளை மட்டுமே சபையில் வாசிப்பார்கள். ஆகவே ஞாயிறன்று ஓலை வாசிக்கப்படாமல், புதன்கிழமை நடக்கவிருந்த சுமியின் கல்யாணம் தள்ளிப்போயிற்று. அதன்பின் சுமியின் தகப்பனார் ஜெயதாஸ் சபை கேட் அருகே என் சட்டையைப் பிடித்து, "எலே, பெண்ணு தரல்லேண்ணுதானே ஓலைய மொடக்கினே?" என்றார். "ஓலைய அடுத்த ஞாயிறும் வாசிக்கலாம் மாமா. வெளிய போன காரியத்த திருப்பி எடுக்க முடியாதாக்கும்" என்றேன். அதன்பின் அவர் இங்கே போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்.

சென்ற மே மாதம் என் வீட்டார் சுமியைப் பெண் கேட்டதும், அவர்கள் மறுத்ததும் உண்மை. அதன்பின் நான் அவளிடம் பேசியதில்லை. அப்டேட் போட்டது அதற்காக அல்ல.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இனி செய்யப்போவது:

1. என் லேப்டாப்பையும், அந்த 37 முயற்சிகளின் நேரப் பதிவையும் இன்றே ஒப்படைப்பேன்.
2. வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டைத் திறக்கவைத்து, ஓலையை அச்செடுத்துச் செயலர் கையில் கொடுப்பேன்.
3. அப்டேட்டை நீக்கமாட்டேன். என்னை நீக்குவது சபையின் விருப்பம்.
4. 16ஆம் தேதி ஆராதனைக்குப் போவேன். மூன்றாம் ஓலையை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று போதகர் கேட்கும்போது வாய் திறக்கமாட்டேன்.

(ஒப்பம்) ஞா. சஜு
10.11.2025