இடப்பக்கத் தகடு

இந்தத் தேநீர்க் கோப்பையை மாற்றித் தரச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சேர். விளிம்பில் யாருடைய வாயோ பட்ட கறை இருக்கிறது. தேநீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் போதும்.

காரைப் பரிசோதித்தவர், புகை உள்ளே வராமல் தடுக்கும் றப்பரை நான் திரும்ப வைக்க மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னாராம். முதலில் அதைத் திருத்த வேண்டும். துறைமுகத்துப் படகுப் பட்டறையில் எத்தனையோ வருடமாகத் தகடு பொருத்துகிறேன். எந்த வேலையிலும் நான் எதையும் மறந்தவன் அல்ல.

லிங்கநகர் வீட்டை நான்தான் கட்டினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம் என்பது உங்களுக்குத் தெரியும். என் தங்கை மக்டலின், ஜெனிஸ்டனைக் கலியாணம் செய்ததும் அவன் அந்த வீட்டுக்கு வந்தான்; நான் பின்னறைக்குப் போனேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. குடிக்கமாட்டான், அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி சப்புக்கொட்டி மெல்லுவான். கறி வழியும் கையாலேயே அலுமாரியைத் திறப்பான். சமைக்கிற குசினிக் கதவின் பிடியில் எப்போதும் ஒரு பிசுக்கு இருக்கும். ஒருநாள் அவன் தின்று மிச்சம் வைத்த பீங்கானிலேயே மக்டலின் சோறு போட்டுச் சாப்பிட்டாள். சிரித்துக்கொண்டு சாப்பிட்டாள். அன்று முழுக்க நான் அந்த வீட்டில் எதையும் சாப்பிடவில்லை.

வெளிநாட்டில் உழைத்த காசில் அவன் வாங்கியது முழுக் கார் அல்ல, காரின் துண்டுகள். பெட்டி பெட்டியாக வரும்; வீட்டிலேயே பொருத்திக்கொள்ள வேண்டும். உட்புறம் முழுவதும் அலுமினியத் தகடு, ரிவிட் அடித்து இறுக்குவது. அவனே கோணல்மாணலாக அடித்தான். மாதக்கணக்காக இருவரும் கார் நிற்கும் கொட்டிலிலேயே கிடந்தார்கள். சாப்பாடும் அந்தக் காருக்குள்ளேதான். கார் ஓடத் தொடங்கியதும் உள்ளே ஒரு நாற்றம் வந்தது.

“மச்சான், உள்ளுக்க எலி கிலி செத்துக் கிடக்குது போல. தகட்டைக் கழட்டி ஒருக்காப் பாருங்கோவன். எனக்கு ஏலாது, உங்கட வேலைதான் சுத்தம்,” என்றான்.

ரிவிட்டைக் கழற்றுவதென்றால் அதன் தலையைத் துளைத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓட்டை பெருத்துவிடும். புது ரிவிட் பிடிக்காது. மெதுவாகச் செய்தேன். முதலில் ஓட்டுபவர் பக்கம், அதாவது வலப்பக்கம். உள்ளே எலி இல்லை. நண்டுக் கோதுகள், சப்பித் துப்பிய கோழி எலும்புகள், அவற்றின் மேல் ஊரும் கரப்பான்கள். வேலை செய்தபடியே தின்று, மிச்சத்தை இடுக்கில் போட்டு, அதற்கு மேலேயே தகட்டை அடித்திருக்கிறான்.

இடப்பக்கம் மக்டலின் இருக்கும் பக்கம். அது சுத்தமாக இருக்கும் என்று நம்பித்தான் துளைத்தேன். உள்ளே புளியங்கொட்டைகள். எச்சில் காய்ந்து தகட்டோடு ஒட்டிக் கிடந்தன. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் புளி என்றால் உயிர். கொட்டையைக் கடதாசியில் சுற்றித்தான் எறிய வேண்டும் என்று பழக்கியவன் நான். ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். நான் வளர்த்த தங்கை இப்போது இல்லை என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அழுதேன், சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். புகைக்குழாய் போகும் இடுக்கை அடைத்திருந்த றப்பரிலும் அதே பிசுக்கு. வலப்பக்கத்து றப்பரை எறிந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இடப்பக்கத்து றப்பரையும் எறிந்தேன். பிறகு தகடுகளைப் பழைய இடத்தில் வைத்து, ஒரே வரிசையில், ஒரே இறுக்கத்தில் ரிவிட் அடித்தேன். புகை மணந்தால் பயப்படாதே, புதுக் கார் என்றால் அப்படித்தான் என்று ஜெனிஸ்டனிடம் சொல்லியும் வைத்தேன். படகின் அடித்தட்டில் புகை அடைத்து ஒருவர் இறந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரத்தம் இல்லை, வாந்தி இல்லை. தூங்குகிறவரைப் போல, சுத்தமாகக் கிடந்தார்.

கண்ணாடியை மூடிக்கொண்டு ஓடுகிற மழைக்காலம் வரும்வரை காத்திருந்தேன். இலங்கைத்துறையில் ஒரு கலியாணத்துக்கு இருவரும் வெளிக்கிட்டார்கள். நான்தான் படலையைத் திறந்துவிட்டேன். மக்டலின் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

“அண்ணா, குசினியில சோறும் இறால் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். ஆறமுதல் சாப்பிடுங்கோ.”

“ஓம் பிள்ளை. சாரல் அடிக்குது, கண்ணாடியை ஏத்து,” என்றேன்.

அவள் ஏற்றினாள். மழை விடட்டும் என்று எஞ்சினை நிறுத்தாமலே வழியில் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். மற்றது நீங்கள் கதவைத் திறந்தபோது கண்டதுதான்.

அவள் மேல் எனக்குக் கோபம் ஏதும் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, சேர். அவளுக்காகவே வாழ்ந்தவன் நான். அவள் வைத்துவிட்டுப் போன சோற்றைத் திறந்துகூடப் பார்த்தேன். கையால் அள்ளிப் போட்டிருந்தாள், விரல் தடம் தெரிந்தது. பீங்கானோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து கைகழுவினேன்.