சீனியம்மாளுக்கு வயித்துப் புண்ணு

கொஞ்சம் முன்னாடி இதே மைக்ல ஒரு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டேன். பதில் சொன்னது யாரு? பக்கத்துல இருந்த மகன். "அம்மாவுக்கு இப்ப ஒண்ணுமில்ல மேடம், நல்லா இருக்காங்க." அடுத்து ஒரு ஐயாவைக் கேட்டேன். மருமக பதில் சொல்லுது. ஏங்க... புற்றுநோய் வந்தவங்க மனசு விட்டுப் பேசட்டும்னுதானே இந்தக் கூட்டம்? அவங்களுக்கு வாய் இல்லையா? எனக்குக் கோவம் வருது. மறைக்க மாட்டேன்.

இருங்க, ஒரு சின்ன கதை சொல்லிட்டு மத்ததைப் பேசுறேன். கதைன்னா கட்டுக்கதை இல்ல... நான் பக்கத்துல உக்காந்து பார்த்தது.

எனக்கு மார்புல கட்டி வந்து கரண்ட், அதான் கதிர்வீச்சு, வச்சுக்கிட்டிருந்த காலம். கரண்ட் ரூமுக்கு வெளிய ஒரு தகரக் கொட்டகை. எங்க முறை வர்ற வரைக்கும் அங்கதான் உக்காந்திருப்போம். பேசாத பேச்சு கிடையாது. தொண்டைல வந்த சுலைமான் அண்ணாச்சி, "இன்னிக்குக் கஞ்சி இறங்கிருச்சு தாயி"ம்பாரு. எங்களுக்கு அன்னிக்கெல்லாம் சந்தோஷம். முடி கொட்டினதைப் பேசுவோம், புருஷன் முகத்தைத் திருப்பிக்கிட்டதைப் பேசுவோம், சாவைக்கூடப் பேசுவோம். பேசிட்டுச் சிரிப்போம். வீட்டுல சொல்ல முடியாததை எல்லாம் அங்கதான் இறக்கி வச்சோம்.

அங்க சீனியம்மாள்னு ஒரு அக்கா. கோவில்பட்டிப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. கர்ப்பப்பைல கேன்சர். ஆனா யாரு கேட்டாலும், "எனக்கு வயித்துப் புண்ணுதான்"ம்பாங்க. ஏன்? பக்கத்துல மகன் அய்யனார். அவன் வந்த அன்னிக்கே எங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கும்பிட்டான். "எங்கம்மாகிட்ட புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். தயவு பண்ணி வாயைத் திறந்துராதீங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க." தங்கமான பையன், பொய் சொல்லக் கூடாது. அம்மாவைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வருவான்.

ஆனா நான் கேக்குறேன்... வாசல்ல ஆள் உசரத்துக்கு 'புற்றுநோய்ப் பிரிவு'ன்னு போர்டு. தமிழ்ல எழுதியிருக்கு. அந்த அக்கா எட்டாவது படிச்சவங்க, கண்ணும் நல்லாத் தெரியும். தினமும் அந்த போர்டுக்குக் கீழதான் தூக்கிட்டுப் போறான். அப்ப யாரை யாரு ஏமாத்துறது?

ஒரு நாள் அவன் டீ வாங்கப் போனான். அவன் தலை மறைஞ்சதும் அந்த அக்கா எங்க பக்கம் திரும்பினாங்க. "எனக்கு எல்லாம் தெரியும் தாயி. தெரியும்னு சொன்னா எம்புள்ள உடைஞ்சு போயிருவான். அதான் தெரியாத மாதிரி இருக்கேன்."

அவங்களே சொன்னாங்க. "முனீஸ்வரின்னு எனக்கு ஒரு மக. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போனா. போன அன்னிக்கு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்தினேன். நாசமாப் போன்னு சொன்னேன்... பெத்த வாயால. அதை நான் திரும்ப எடுத்துக்கணும். அவ தலைல கையை வச்சு, நல்லாயிரு தாயின்னு சொல்லணும். அதுக்குள்ள போயிருவேனோன்னுதான் பயமா இருக்கு."

அண்ணாச்சி கேட்டாரு. "மகன்கிட்ட சொல்லி வரவழைக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன் அண்ணாச்சி. வயித்துப் புண்ணுக்கெல்லாம் அவ எதுக்கும்மாங்கிறான்."

கேட்டீங்களா? கேன்சர்னு ஒத்துக்கிட்டா மகளைக் கூப்பிடணும். புண்ணுன்னா கூப்பிட வேண்டாம். பாசத்துக்குள்ள எவ்வளவு வசதி இருக்கு பாருங்க.

அதுக்குள்ள அய்யனார் டீயோட வந்துட்டான். தூரத்துல வரும்போதே 'போயிருவேனோ'ங்கிற வார்த்தை அவன் காதுல விழுந்திருச்சு. ஒரே கத்து. "யாருய்யா எங்கம்மாகிட்ட சொன்னது? நீங்க சாகப் போறீங்கன்னா எங்கம்மாவையும் சேத்துக்கிறீங்களா?"

"யாரும் சொல்லலய்யா, எனக்காத்தான் தெரியும்"ங்கிறாங்க அந்த அக்கா. காதுலயே வாங்கல. மறுநாள்ல இருந்து கொட்டகைப் பக்கமே கொண்டு வரல. வெளிய ஆட்டோவுலயே உக்கார வச்சிருந்து, முறை வந்ததும் நேரா உள்ள தூக்கிட்டுப் போனான். எங்களைத் தாண்டும்போது அவங்க கையை மட்டும் லேசா அசைப்பாங்க.

டாக்டர் கையை விரிச்ச பிறகுதான் தங்கச்சிக்குப் போன் போட்டான். அந்தப் பொண்ணு அழுதுகிட்டே ஓடி வந்துச்சு. அம்மாவுக்குக் கண்ணு திறந்திருக்கு, நினைவு இல்ல. மறுநாள் முடிஞ்சு போச்சு.

காரியமெல்லாம் முடிஞ்சு முனீஸ்வரி அண்ணன்கிட்ட கேட்டிருக்கு. "அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாண்ணே? கோவம் போயிருச்சா?"

அவன் என்ன சொல்வான்? தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னானாம்... "ஆஸ்பத்திரிக் கொட்டகைல உக்காந்து ஏதோ சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான்தான் இழுத்துட்டு வந்துட்டேன். அங்க போய்க் கேளு."

வந்துச்சுங்க அந்தப் பொண்ணு. பெத்த தாய் என்ன சொன்னான்னு தெரிஞ்சுக்க, முன்னப்பின்ன தெரியாத நோயாளிங்ககிட்ட வந்து நின்னுச்சு. நான் சொன்னேன். சொல்லிட்டு, கையை எடுத்து அது தலைல வச்சேன். பெத்தவ கை இருக்க வேண்டிய இடத்துல... என் கை. அந்தப் பொண்ணு அழுத அழுகையை நான் இன்னும் மறக்கல.

அய்யனார் கெட்டவனா? இல்ல. இங்க உக்காந்திருக்கிற உங்களை மாதிரி நல்லவன். அதான் எனக்கு ஆத்திரம். மருந்து வாங்கிக் கொடுத்தீங்க, சோறு ஊட்டுனீங்க, வாயை மட்டும் பொத்திட்டீங்க. 'அதெல்லாம் பேசாதம்மா, நல்லதை நினை'ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? அவங்க நினைக்கிறது நல்லதா கெட்டதான்னு கேட்டுப் பார்த்தீங்களா? இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கிட்ட உக்காந்து, 'உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு'ன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க. அழுதா அழட்டும். சாவைப் பேசினா பேசட்டும்.

தாங்க மாட்டாங்க, தாங்க மாட்டாங்கன்னு சொல்றீங்களே... நோவு யாரு உடம்புலங்க இருக்கு? ஒவ்வொரு நாளும் தாங்கிக்கிட்டிருக்கிறதே அவங்கதான். தாங்க முடியாதது உங்களுக்கு. அதை அவங்க தலைல கட்டாதீங்க.