ஆணியோ பசையோ, ‘நல்லா கீறேன்’ என்பதை நம்பாதீர்கள்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் ஏகாம்பரம் அவர்களே! சாலவாக்கத்துப் பெரியோர்களே! உலையை இறக்கியும் இறக்காமலும் ஓடி வந்திருக்கிற தாய்மார்களே! வயிற்றுக்குள் வலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிற என் அருமைச் சகோதரர்களே! அனைவருக்கும் காவாந்தண்டலம் தாயாரம்மாளின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பலகையைக் கீழே வைத்தவள் நான். என் வீட்டுப் பிள்ளைகள் வைக்கவில்லை. பேத்தி வளர்மதி உத்திரமேரூரில் கணக்கு டீச்சர். அவளிடம் படித்த பிள்ளை கணக்கில் தோற்றதில்லை. அடுத்தவள் இந்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவள் பேசுகிற இங்கிலீஷுக்கு அவள் மேனேஜரே அகராதி தேடுவாராம். பாலா, போலீசில் சேர்ந்த முதல் வருடமே ஓட்டப்பந்தயத்தில் மெடல். இவர்களுக்கெல்லாம் மூத்தவன், இதோ மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற டாக்டர் தமிழ்வாணன். யாருடைய பேரன்? என் பேரன். பின்வரிசைக்குக் கேட்டதா? என் பேரன்.

குடலிறக்கத்துக்கு அடிவயிற்றை அகலக் கிழித்த காலம் போய், சாவி நுழையும் அளவுக்குத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே வலையை விரித்து ஓட்டையை அடைக்கிறான். விரித்த வலை நகரக் கூடாது அல்லவா? அதற்காக இரண்டாயிரமாம் ஆண்டில் சிலருக்குச் சின்னச் சின்னச் சுருள் ஆணி அடித்தான், சிலருக்குப் பசை வைத்தான். ஐந்து வருடம் கழித்து எல்லோரையும் தேடிப்போய்க் கேட்டான். ஆணியும் நன்று, பசையும் நன்று, அத்தனை பேரும் நலம் என்று சென்னையில் பெரிய டாக்டர்கள் முன்னால் படித்தான். அதற்குத்தான் இந்தப் பந்தல். அதற்குத்தான் இந்தப் பொன்னாடை.

கைதட்டுங்கள். நானும் தட்டினேன். தட்டிய கை ஓய்வதற்குள் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தனை பேருமா? ஏர் பிடிப்பவர், மூட்டை சுமப்பவர், ஏற்றம் இறக்கம் பாராமல் சைக்கிள் மிதிப்பவர், ஒருவர் விடாமலா? சந்தேகம் வந்தபின் கண் சும்மா இருக்குமா? பந்தலைப் பார்த்தேன், துணி புதுசு. கொடுத்தது ஆணி விற்கிற கம்பெனியா, பசை விற்கிற கம்பெனியா? தலைவர் சிரிக்கிறார். பந்தல் அவருடைய மச்சானுடையதாம். சரி, அந்தச் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதை வாங்க மாட்டேன்.

ஏன் வாங்க மாட்டேன்? வருகிற புதன்கிழமை குடலிறக்கத்துக்காகப் பேரனின் ஆபரேஷன் மேஜையில் படுக்கப்போவது என் சின்ன மகன் மாசி. டாக்டருக்குச் சித்தப்பன். அவனுக்கு ஆணியா, பசையா? பேரனைத்தான் கேட்டேன்.

"எது வெச்சாலும் ஒண்ணுதான் ஆயா. ஒருத்தர் கூட நல்லா இல்லன்னு சொல்லல" என்றான்.

"அதாண்டா எனக்கு இடிக்குது" என்றேன்.

இடிக்க ஆரம்பித்தது போன மாதம், திருமுக்கூடல் கல்யாணப் பந்தியில். எனக்கு எதிர் இலையில் என் கொழுந்தனார் வீராசாமி. ஆணி அடித்துக்கொண்டவர். ரசம் புரையேறி இருமினார். இருமுகிற மனிதர் வாயைப் பொத்துவார். இவர் தொடையைப் பொத்தினார். இருமலுக்குத் தொடையைப் பிடிக்கிற ஆளை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? நான் கண்டேன். கை கழுவுகிற இடத்தில் மடக்கினேன்.

"இன்னா தம்பி, காலு இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நல்லாத்தான் கீறேன்."

"எங்கிட்டயேவா?"

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இருமினால் இழுக்கிறதாம். சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டால் தொடைக்குள் சூடு வைத்ததுபோல் எரிகிறதாம். ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்படித்தானாம். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் வாய்ப்படியே சொல்கிறேன்:

"நம்ம வூட்டுப் புள்ள. தோள் மேல கை போட்டு, தாத்தா நல்லா கீறியான்னு ஆசையா கேக்குது. நல்லா இல்லன்னு எந்த வாயால அண்ணி சொல்றது?"

கேட்டீர்களா பெரியோர்களே? நம் பக்கத்தில் ‘நல்லா கீறியா’ என்பது கேள்வியா? அது வணக்கம். ‘நல்லா கீறேன்’ என்பது பதிலா? அது பதில் வணக்கம். காய்ச்சலில் கிடப்பவனைக் கேளுங்கள், நல்லா கீறேன் என்பான். பயிரைத் தண்ணீரில் விட்டவனைக் கேளுங்கள், நல்லா கீறேன் என்பான். வலியை விழுங்கி, வாயைப் பூட்டி, வணக்கத்தை மட்டும் வாரி வழங்குகிறோமே, அந்த வணக்கங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் என் பேரன் சென்னையில் ஆராய்ச்சி என்று அவிழ்த்திருக்கிறான். ஆசையால் சொன்ன பொய்தான். ஆனால் அந்தப் பொய்யின் மேல் அல்லவா புதன்கிழமை என் பிள்ளை படுக்கப்போகிறான்?

ஆகையால் இப்போது நான் கேட்கிறேன். நலமா என்று கேட்க மாட்டேன். இருமினால் உங்கள் கை எங்கே போகிறது? மூட்டை தூக்கினால் எங்கே புடைக்கிறது? எழுந்து நின்று சொல்லுங்கள்.

யாருமில்லையா? டாக்டர் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும், அது என்னிடமிருந்து போன கண்தான்.

கொழுந்தனாரே, கம்பத்துக்குப் பின்னால் ஏன் நகர்கிறீர்? நான் பார்த்துவிட்டேன். ... எழுந்துவிட்டார். தொடையைத் தொட்டுக் காட்டுகிறார். அப்படியே நில்லுங்கள் தம்பி.

பெண்கள் பக்கம் யார் அது? ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் பச்சமுத்துவின் மனைவி சரசுவா? சத்தமாகச் சொல்லம்மா. கேட்காதவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன்: "எங்கூட்டுக்காரருக்குப் பசை வெச்சாங்க. கொடலு மறுபடி எறங்கிக்கினு கீது. நல்லா கீறேன்னு அதுதான் சொல்லிச்சி, என்னை யாரும் கேக்கல" என்கிறாள். பச்சமுத்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். ஆட்டி என்ன பயன் அப்பா, கட்டியவள் சொல்லிவிட்டாள்.

அதோ இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

ஆணிதான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பசைதான் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. எது எத்தனை பேரைக் குத்துகிறது, எது எத்தனை பேரைக் கைவிட்டது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். தெரியாது என்று ஒத்துக்கொண்டு மறுபடி கேட்க வருபவனை நம்புங்கள்.

இதோ, தமிழ்வாணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைக்கிறான். மேடையை விட்டு இறங்குகிறான். எங்கே, கோபித்துக்கொண்டு காருக்கா? ... இல்லை. வீராசாமியை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எந்த எடத்துல தாத்தா? வெரல வெச்சிக் காட்டு" என்கிறான். மைக் இல்லாமலே இங்கே கேட்கிறது.

மாசி, நீயும் போய் அங்கே உட்காருடா. உன் குடலுக்கு அவசரமில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். புதன்கிழமை வேண்டாம். இந்தச் சனங்களை அவன் சரியாகக் கேட்டு முடிக்கட்டும், அதன்பின் ஆணியா பசையா என்று அவன் வாயால் சொல்லட்டும். அன்றைக்கு நானே உன்னைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறேன்.

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. வலியை வெளியே சொன்ன வாய்களுக்கு நன்றி. இன்னும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, டாக்டர் இன்று சீக்கிரம் கிளம்பமாட்டார் என்ற சேதியோடு என் வணக்கம். போட்டோ எடுக்கிற தம்பி தானியேல், பேரனுக்குப் பொன்னாடை போர்த்திய படம் எனக்கு வேண்டாமப்பா. தரையில் உட்கார்ந்து கேட்கிறானே என் பேரன், அதைப் புதிதாக ஒன்று எடுத்து, காவாந்தண்டலத்துக்குத் தபாலில் போட்டுவிடு.