நட்ட முடி கொட்டிய மாப்பிள்ளை

சுசீந்திரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் தொப்பி போட்டிருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“பின்மண்டையில இருந்து எடுத்து நெத்திக்கு மேல நட்ட முடியெல்லாம் கொட்டிப்போச்சு மக்கா.”

நண்பர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். “டாக்டர்ட்ட கேட்டியா?”

“நட்டது முதல்ல கொட்டத்தான் செய்யுமாம். வேரு உள்ள இருக்கு, முழுசா வளர ஒரு வருசம் ஆவும்ணாரு. மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசிச்சாச்சு, அடுத்த மாசம் கல்யாணம்.”

“தொப்பி போட்டுட்டு பாதர் முன்னால நிக்க முடியாதே. விக்கு வச்சுக்க.”

“நானும் அதத்தான் போன்ல பொண்ணுகிட்ட சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“‘விக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு வருசம்தானே, அதுக்குள்ள பொறக்குற நம்ம பிள்ளைக்கும் ஒங்களுக்கும் ஒண்ணாவே முடி வளரட்டும்’ணு சொல்லிட்டா.”