அண்ணியின் முழுப் பேச்சு

யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நீங்கள் இதுவரை ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை, அதற்கு நன்றி. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறவர்தான் அடிக்கடி வாசலைப் பார்க்கிறார். சாப்பாட்டு நேரம், அவரைக் குறை சொல்ல முடியாது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் எவனும் கெட்டவனாகத்தான் தெரிவான்.

நான் செய்தி அலைவரிசையில் படத்தொகுப்பாளன். தேர்தல் வந்தால் ‘முன்னும் பின்னும்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவேன். யோசனையும் என்னுடையது, உழைப்பும் என்னுடையது. ஒரு வேட்பாளர் பேசியதில் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கைப்பேசிகளில் சுற்றவிடுவார்கள் அல்லவா? அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார், எந்தக் கேள்விக்குச் சொன்னார் என்று முழுதாகக் காட்டுவோம். கட்சி பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும் ஆட்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதே நியாயத்தைச் செய்திருக்கிறேன். ஓர் ஆசாமி, ஏழைகள் ஒருவேளை சாப்பிட்டால் போதும் என்று சொன்னதாக ஊரே அவரைக் காய்ச்சி எடுத்தது. அவர் எதிர்க்கட்சிக்காரரைக் கிண்டல் செய்யத்தான் அப்படிச் சொன்னார். நான் எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

யாருமே பார்க்கவில்லை. என்னை எரித்தது அதுதான். வெட்டிய துண்டை லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள், நாங்கள் ஈ ஓட்டுவோம். முடிவெட்டுகிறவரிடம் ஒருநாள் கரடியாய்க் கத்தி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவரு அப்படிச் சொல்லலைங்கிறீங்க, சரி. ஆனா சொல்லக்கூடிய ஆளுதானே சார்?” என்றார். அவர் கையில் கத்தி இருந்தது, நான் பேசாமல் இருந்துவிட்டேன். இப்படிப்பட்டவர்களுக்கு ஓட்டு எதற்கு என்று வீடு வரும் வரை பொருமிக்கொண்டே வந்தேன். எங்கள் செய்தி ஆசிரியரோ, இந்தத் தேர்தலோடு நிகழ்ச்சிக்கு மங்களம் பாடிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “உன் நிகழ்ச்சிய உங்க வீட்லயே யாரும் பாக்கமாட்டாங்கடா” என்றார்.

அது மட்டும் பொய். எங்கள் வீட்டில் அண்ணி பார்ப்பார். துணி மடித்துக்கொண்டே தொடக்கம் முதல் கடைசிவரை பார்ப்பார். முடிந்ததும், “அந்தாளு மேல எனக்குக் கோவம் இருந்துச்சு தம்பி, இப்ப பாதி போயிடுச்சு” என்பார். பாதிதான் போகும். அவர் மனதில் பட்டதை மறைக்கமாட்டார்.

அண்ணி நகராட்சி மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். ஆற்றங்கரைக் குடியிருப்பில் பாதிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது அவர் கைதான். போன வெள்ளத்தில் அந்தக் குழந்தைகளில் இரண்டு போயின. அண்ணி வேலையை விட்டுவிட்டு, எந்தக் கட்சியும் இல்லாமல் தேர்தலில் நின்றார். அண்ணனுக்குப் பயம். எனக்குப் பெருமை. என் ஓட்டு அவருக்குத்தான் என்று அன்றே சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது முக்கியம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இன்னொருவர் சொன்னதைச் சொல்லும்போது அந்த ஆளின் குரலிலேயே, முகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு சொல்வார். வீட்டில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். “மேடையில அப்படிப் பேசாதீங்க அண்ணி, வெட்டிருவாங்க” என்று சொன்னேன். “அதான் நீ இருக்கியே” என்றார்.

முதல் கூட்டத்திலேயே அப்படித்தான் பேசினார். தெருமுனையில் நாற்பது ஐம்பது பேர். முழுதாகப் படம் பிடித்தவன் நான் மட்டும்தான். “ஆத்தங்கரையில இருக்கிறவங்க வெள்ளத்துல போனா போகட்டும், அங்க போய் யாரு வீடு கட்டச் சொன்னது? நகராட்சிக் கூட்டத்துல ஒரு பெரிய மனுஷர் இப்படித்தான் கேட்டாரு. அவருக்குப் பதில் சொல்றதுக்குத்தான் நான் நிக்கிறேன்” என்றார். முதல் வாக்கியத்தில் அவர் உதட்டைப் பிதுக்கிய விதம், அந்தப் பெரிய மனிதரேதான்.

அன்று அதைத் தொகுக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் இத்தனை காலம் தேடிய பேச்சு இது. வெட்டினால் இதைவிட மோசமான பேச்சு கிடையாது. முழுதாகக் கேட்டால் இதைவிட நல்ல பேச்சு கிடையாது. ஒரு துண்டை நம்பி ஊரே ஒரு நல்ல மனுஷியைத் திட்ட வேண்டும், பிறகு முழுதாகப் பார்த்து ஊரே தலைகுனிய வேண்டும். அதன்பின் எவனும் துண்டை நம்பமாட்டான் என்று நினைத்தேன். இப்போதும் அது தவறான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதலில் நிகழ்ச்சியைத் தயாரித்தேன். அண்ணியின் முழுப் பேச்சு, நகராட்சிக் கூட்டத்தின் பதிவு, எல்லாம் ஒழுங்காகக் கோத்து, பின்னணிக் குரலும் கொடுத்து முடித்தேன். அதை முடித்த பிறகுதான் துண்டை வெட்டினேன். மறுப்பு தயாராகாமல் ஒரு பொய்யை வெளியே விடும் பொறுப்பில்லாதவன் அல்ல நான்.

வேறொரு பெயரில் அதை இணையத்தில் இரண்டு மூன்று குழுக்களில் போட்டேன். அண்ணியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று முதலிலேயே கேட்டீர்கள். சொந்தக்காரர் என்பதால்தான். வெளியாளை இப்படிச் செய்திருந்தால் ஓரவஞ்சனை என்பார்கள்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பரவாத பொய்யை மறுக்கக்கூடாது. மறுத்தால் அதை நாமே பரப்பியதாகிவிடும். எனவே ஒரு லட்சம் பேர் பார்த்த துண்டைத்தான் நிகழ்ச்சியில் எடுப்போம். அதுவரை யார் கேட்டாலும் ஒரே பதில்தான், ‘சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.’ அந்த விதியை எழுதியவன் நான். அமைச்சர் கேட்டபோதுகூட மீறியதில்லை.

அண்ணியின் துண்டு நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் பரவியது. தெரியாத வேட்பாளர், என்ன செய்ய. ஆனால் ஆற்றங்கரையில் மட்டும் ஒரு கைப்பேசி பாக்கியில்லை. அண்ணி ஊசி போட்ட வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அவர் கொடுத்த துண்டறிக்கையைக் கிழித்து அவர் முகத்திலேயே போட்டாள். அண்ணி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என் அறைக்கு வந்தான். “உன்கிட்டதானேடா முழுசும் இருக்கு. போட்டுத் தொலையேன்.”

“இன்னும் வரம்புக்கு வரலண்ணா” என்றேன்.

“அவ உன் அண்ணிடா.”

“அதனாலதான்” என்றேன். அண்ணிக்காக ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று வைத்தால் நாளை என்னை யார் நம்புவார்கள்? அண்ணன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். அண்ணிக்கு மட்டும் புரிந்தது. “அவனுக்குன்னு ஒரு முறை இருக்கும், விடுங்க” என்று கூடத்தில் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எண்ணிக்கை எவ்வளவு ஆயிற்று என்று உடனே இன்னொரு முறை பார்த்தேன். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் இருந்தேன். அண்ணி அழைத்தார். “தம்பி, நான் ஆத்தங்கரையில தடுப்புச் சுவருகிட்ட நிக்கிறேன். எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க. உன் நிகழ்ச்சியில பொய் வராதுன்னு சொல்லியிருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அன்னிக்கு நான் முழுசா என்ன பேசினேன்னு நீயே சொல்லிடு.”

பின்னால் சத்தமாக இருந்தது. ஒரு பெண், “என் புள்ளைய வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன், இவ எப்படிச் சொல்லலாம்?” என்று அழுதுகொண்டிருந்தாள். ஓர் ஆண் குரல் கைப்பேசிக்குப் பக்கத்தில் வந்தது. “சொல்லுங்க சார். அந்தம்மா அப்படிப் பேசுச்சா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க, நாங்க கலைஞ்சு போயிடுறோம்.”

என் எதிரே திரையில் எண்ணிக்கை தெரிந்தது. லட்சத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

“அந்தக் காணொளிய நாங்க சரிபார்த்துக்கிட்டு இருக்கோம். முடிஞ்சதும் நிகழ்ச்சியில சொல்வோம்” என்றேன். யாருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன், குரலைக்கூட ஏற்றி இறக்கவில்லை.

அண்ணி “தம்பி” என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். கைப்பேசி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதன்பிறகு கேட்டதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே என் கைப்பேசிப் பதிவிலிருந்து எடுத்திருப்பீர்கள். நான் தொடர்பைத் துண்டிக்கவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யார் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது, சுவரின் படியில் அவர் தலை பட்டதையும் நான் பார்க்கவில்லை. தெரியாததைச் சொல்லமாட்டேன்.

அண்ணி இறந்த செய்தி வெளிவந்ததும் துண்டு மளமளவென்று பரவியது. சாயங்காலத்துக்குள் வரம்பைத் தாண்டிவிட்டது, நிகழ்ச்சியை ஒளிபரப்பினேன். அலைவரிசையின் வரலாற்றிலேயே இத்தனை பேர் பார்த்த நிகழ்ச்சி கிடையாது என்று ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணிக்காக அழுகிறார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஆற்றங்கரையில் தெருவில் திரை கட்டிப் பார்த்தார்களாம்.

துண்டை வெட்டியது நான். பரப்பியது நான். அவர் உயிரோடு நின்று கேட்டபோது தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததும் நான். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அண்ணன் நேற்று இங்கே வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவளுக்கு நீ துரோகம் செய்துவிட்டாய் என்று கத்தினான். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இந்தத் தேர்தலில் ஒரு சொல்கூட விடாமல் ஊரே முழுதாகக் கேட்ட வேட்பாளர் என் அண்ணி ஒருவர்தான்.