பிரிண்ட் எடுக்காத பக்கம்

சந்தியா,

உன் நைனா பிரிண்ட் எடுத்த தாளை மடிக்க மாட்டார். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, மொபெட்டில் வடமாலபேட்டை வீடு வரை பத்திரமாகக் கொண்டுபோவார். நேற்று நீயும் அப்படித்தான் ஒரு தாளை மடிக்காமல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். "பெரிப்பா, இத்த யாரு அனுப்பிச்சது?" என்று கேட்டாய். உன் பெரிம்மா மல்லிகா காபியோடு வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. எழுதினால் ஒழுங்காக வரும் என்று எழுதுகிறேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் இன்டர்நெட் சென்டர் வைத்தது தொண்ணூற்றொன்பதில். அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே ஷேர் மார்க்கெட்டைப் பார்த்து வருகிறவன் நான். எங்கள் நகரி விசைத்தறிக்காரர்கள் எந்த ஷேர் வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். சிமென்ட் என்பேன், உரம் என்பேன். அதில் யாரும் நஷ்டப்பட்டதில்லை. பெரிதாகச் சம்பாதித்ததும் இல்லை.

உன் நைனா ஏழுமலை டிவி மெக்கானிக். உன் ஆதி மாமா கலிபோர்னியாவுக்குக் கேபிள் கம்பெனி வேலைக்குப் போனதும், உன் நைனாவுக்கு மெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்தவன் நான்தான். பாஸ்வேர்டையும் நானே வைத்தேன். உன் பெயர்தான்.

ஆதி மெயிலில் அனுப்பியதெல்லாம் பேட்டண்ட் பத்திரங்கள். பார்க்கிறவன் ரிமோட்டை அழுத்தினால் அவன் பதில் டிவி ஸ்டேஷனுக்கே போய்ச் சேரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே புடவை வாங்கலாம், அந்த மாதிரி டிவிக்கானவை. எந்தக் கம்பெனியின் பேட்டண்ட் பலமோ அந்தக் கம்பெனியின் ஷேர்தான் நிற்கும் என்பது உன் நைனாவின் முடிவு. ஹைதராபாத் கம்பெனி ஒன்றிடம் அப்படி ஒன்று இருந்தது. முப்பது பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தார். பிறகு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து நகரி ஆட்களுக்குச் சொன்னார்.

"அலிபிரி மாதிரிங்க. மலைக்கு நடந்து போறவன் யாரா இருந்தாலும் அங்க கால் வெச்சித்தான் ஆவணும். நாளைக்கி எவன் இந்த டிவிய விட்டாலும் இவங்களுக்குக் கட்டிட்டுத்தான் போவணும்."

நல்ல உவமை. ஆனால் சந்திரகிரிப் பக்கமிருந்து ஸ்ரீவாரி மெட்டு என்று வேறொரு நடைபாதையும் உண்டு. எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் அந்த ஷேர் ஒன்பது மடங்கு ஏறியது. நகரிக்காரர்கள் கடைக்கு வந்து எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "ஏழுமல வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் மல்லிகா, வளையலை விற்று அதே ஷேரை வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே."

"உங்கள கேட்டா சிமென்ட்டுன்னுதான் சொல்வீங்க" என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் மார்ச்சில் ஆதியின் மெயில் வந்தது. அந்தப் பேட்டண்டைத் தொடாமலே அதே வேலையைச் செய்ய இன்னொரு கம்பெனி வழி கண்டுவிட்டது. இங்கே பேப்பரில் வந்துவிட்டது, அங்கே தெரியப் பத்து நாளாகும். எல்லாரையும் உடனே விற்கச் சொல்லுங்கள் மாமா என்று எழுதியிருந்தான். கீழே, வீடு மாறிவிட்டதாகச் சொல்லிப் புது போன் நம்பர்.

அன்று நீ கையை முறித்துக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தாய். நைனா உன்னோடு இருந்தார். அவர் பெயரில் நான் பதில் எழுதினேன்: "எல்லாரும் விற்றுவிட்டோம். நன்றி. வீட்டு போன் கெட்டுக் கிடக்கிறது, கூப்பிட வேண்டாம்." அனுப்பிவிட்டு இரண்டையும் அழித்தேன். அந்தப் பதில்தான் நீ ஆதியிடமிருந்து வாங்கிவந்த தாள். தேதியைப் பார்த்துக் கண்டுபிடித்தாயே, கெட்டிக்காரி.

ஒன்றைக் கவனி. இதில் எனக்கு ஒரு பைசா லாபமில்லை. என்னிடம் அந்த ஷேரே கிடையாது. மல்லிகாவையும் நான் விற்கச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிய வேண்டுமல்லவா.

ஏப்ரலில் ஷேர் விழுந்தது. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்ட செல்லியம்மா உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தது உனக்கு ஞாபகமிருக்கும். "உன்ன நம்பித்தானே போட்டேன் ஏழுமல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் உன் நைனா தாங்கியிருப்பார்.

தினமும் காலையில் கடைக்கு வருவார்.

"அண்ணா, ஆதி மெயில் எதனா வந்துதா?"

"இல்லப்பா."

"அவன் இப்பிடி சும்மா இருக்கறவன் இல்லியே. பழைய நம்பருக்கு போன் போட்டா எவனோ எடுக்கறான். நீ எழுதுண்ணா. இன்னா பண்றதுன்னு கேளு. ஊருக்கு நான் பதில் சொல்லணும்."

அவருக்கு டைப் செய்யத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். அவர் எழுந்து போனதும் அழித்துவிடுவேன். பதினோரு நாள் இப்படி நடந்தது. ஒவ்வொரு நாளும் டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசி நாள் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள், புத்தூர் பக்கம் ரயில் பாதையில் கிடந்தவரை அடையாளம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். சொன்னேன். தோளும் கொடுத்தேன்.

தன்னிடம் விற்றுவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, பேராசையால் ஊரையே கவிழ்த்தவர் உன் நைனா என்று நினைத்து ஆதி எட்டு வருடம் உங்கள் வீட்டோடு பேசவில்லை. உன் அம்மா கல்பனாவும் கடைசியில் அதையே நம்பினாள். அதை மட்டும் திருத்திவிடுகிறேன். செங்கல்வராயனாகிய நான்தான் மெயிலை மறைத்தேன், நான்தான் பொய்ப் பதில் எழுதினேன், அவர் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்ததற்கு இல்லை என்று சொன்னவனும் நான்தான். உன் நைனா யாரிடமும் பொய் சொல்லவில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. போலீசிடமும் காட்டு.

பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதே. செத்துப்போன மனிதர்மேல் எனக்கு என்ன பொறாமை? எங்கள் வீட்டுக் கூடத்தில் உன் நைனாவின் படம் மாட்டி மல்லிகா எட்டு வருடமாகப் பூ வைத்து வருகிறாள். ஒரு நாளும் நான் ஏன் என்று கேட்டதில்லை. நேற்று நீ போன பிறகுதான் அதைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது.