மிலிட்டரி சைடிங் வண்டி

அம்பத்தூர் ஸ்டேஷனில் நிற்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சில வண்டிகள் ஆவடி தாண்டி நேராகத் திருவள்ளூர் போகும். சில வண்டிகள் ஆவடி தாண்டியதும் நைசாக ஒதுங்கி, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. எங்கள் ஏரியாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். நிர்மலுக்குத் தெரியாது. தேனிக்காரன், மாங்காட்டில் ஃப்ளாட், பஸ்ஸில் காலேஜுக்கு வருகிறவன். ரயில் விஷயத்தில் என்னைத்தான் நம்புவான்.

நானும் அவனை நம்பினேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நமது கல்லூரி முதல்வர் காலவரையின்றித் தாமதமாக வருகிறார்" என்று எழுதி காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். எழுதியது நான் என்று தெரிந்த ஒரே ஆள் நிர்மல். மூன்றாம் நாள் சஸ்பெண்ட். பரீட்சை போயிற்று, கூடவே ஒரு வருஷமும் போயிற்று. ஆபீஸ் பெருக்கும் தாயம்மாள்தான் சொன்னார்: "உங்கூடவே சுத்திகினு கீறானே நெட்டையன், அவந்தான் நைனா உன் பேரச் சொன்னான். எங்காதால கேட்டேன்."

நான் சண்டை போடவில்லை. அவனோடு டீ குடிப்பதையும் நிறுத்தவில்லை.

போன மாதம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அப்படி டீ குடிக்கும்போதுதான் அவனுக்கு போன் வந்தது. திருவள்ளூரில் அத்தை வீட்டுக்கு வந்திருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி. பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன். அதற்குள் மகனைப் பார்த்தாக வேண்டும் என்கிறாராம். பிளாட்பாரத்துக்கு ஓடினோம். ஒரு வண்டி நின்றிருந்தது.

"மச்சான், இது திருவள்ளூர் போகும்ல?"

"ஏறு மாமே."

பத்து நிமிஷத்தில் பின்னாலேயே திருவள்ளூர் வண்டி இருந்தது. நானும் அவனோடு ஏறினேன். அந்த நிலைமையில் ஒருவனைத் தனியாக விடுவது சரியில்லை. ஆவடியில் இறங்கியிருந்தால்கூட மாறியிருக்கலாம். அங்கே வண்டி நின்றபோது அவனுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தேன்.

சைடிங்கில் எல்லோரும் இறங்கினார்கள்.

"என்னடா, வந்துருச்சா?"

"வண்டி மாறி ஏறிட்டோம் போலக்கீது மச்சான்."

ஆட்டோவுக்கு அலைந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். உயிரோடு வெளியே வரவில்லை. "நிர்மல் வந்துட்டானா" என்று இரண்டு தரம் கேட்டாராம். அத்தை சொன்னார்.

நிர்மல் என் தோளில் சாய்ந்து அழுதான். "நீ மட்டும் கூட இல்லேன்னா நான் என்னடா பண்ணியிருப்பேன்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. நம்பினவனே முதுகில் குத்தினான் என்று தெரியவந்தால் எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த வலியை அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.